கையடக்க கேம் கன்சோலுக்குப் புது ஹெட்செட்: முதல் நாளிலேயே சோதித்துப் பார்க்க வேண்டியவை

கையில் வைத்து விளையாடும் கன்சோலுக்கு முதன்முதலாக ஹெட்செட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுத்தான் அதை எடைபோடுகிறார்கள். பேஸ் நன்றாக அதிர்கிறதா, காதுக்கு மெத்தென்று இருக்கிறதா, அவ்வளவுதான். ஆனால் வாய்ஸ் சாட்டுக்காக வாங்கும் ஹெட்செட்டின் வேலையில் பாதிதான் நம் காதில் நடக்கிறது. நாம் பேசுவது எதிர்முனையில் எப்படிக் கேட்கிறது என்பது மீதிப் பாதி. அது நமக்குக் கேட்காது. கூட விளையாடுகிறவர்தான் அதை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மைக் சரியில்லாதவரிடம் அணியில் யாரும் நேராகக் குறை சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொள்வார்கள். அவர் சொன்னது புரியாவிட்டாலும் 'சரி சரி' என்று போய்விடுவார்கள். அவருக்குக் காரணமே தெரியாது. அதனால்தான் புது ஹெட்செட்டை முதல் நாளே எதிர்முனையின் காது வழியாகச் சோதித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் கன்சோல் எந்த வழியில் பேசுகிறது?

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 3.5 மில்லிமீட்டர் பிளக் ஏறக்குறைய எல்லாக் கன்சோலிலும் நுழையும், சத்தமும் கேட்கும். மைக் வேலை செய்யுமா என்பது தனிக் கேள்வி.

நிண்டெண்டோ ஸ்விட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 மார்ச்சில் வெளிவந்த அந்தக் கன்சோலில் உள்ளே மைக் கிடையாது. மேல்பக்கம் ஹெட்போன் ஜாக், அதாவது பிளக்கைச் செருகும் துளை, உண்டு. ஆனால் ஸ்ப்ளட்டூன் 2, மரியோ கார்ட் 8 டீலக்ஸ் போன்ற நிண்டெண்டோவின் சொந்த விளையாட்டுகளுக்கு வாய்ஸ் சாட்டைக் கைபேசிச் செயலி வழியாகத்தான் வைத்தார்கள். விளையாட்டின் சத்தம் கன்சோலிலிருந்து வரும், நண்பர்களின் குரல் கைபேசியிலிருந்து வரும். இரண்டும் ஒரே காதுக்குள் போக வேண்டும். இதற்காகவே ஹோரி நிறுவனம் ஸ்ப்ளட்டூன் 2 வந்த சமயத்தில் ஒரு ஹெட்செட் தொகுப்பு கொண்டுவந்தது. கணவாய் மீன் வடிவத்தில் ஒரு சின்ன இணைப்பான் அதில் உண்டு. அதில் கன்சோலிலிருந்து ஒரு ஒயர், கைபேசியிலிருந்து ஒரு ஒயர், ஹெட்செட்டுக்கு ஒரு ஒயர். மூன்று ஒயர்களைச் சுமந்துகொண்டு எழுந்து நடமாட முடியாதுதான். என்றாலும் அந்தக் கன்சோலில் இரண்டு சத்தத்தையும் சேர்த்துக் கேட்பதற்கு அது நேரான வழி.

அதே ஸ்விட்ச்சில் ஃபோர்ட்நைட் 2018இல் வந்தபோது நிலைமை மாறியது. அந்த விளையாட்டு தன் சொந்த வாய்ஸ் சாட்டைக் கொண்டுவந்ததால், ஹெட்செட்டைக் கன்சோலின் ஜாக்கிலேயே செருகிப் பேச முடிந்தது. அதாவது ஸ்விட்ச்சில் மைக் வேலை செய்வதும் செய்யாததும் நீங்கள் ஆடும் விளையாட்டைப் பொறுத்தது. புது ஹெட்செட்டின் மைக் 'வேலை செய்யவில்லை' என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புவதற்கு முன் இதைப் பாருங்கள். கோளாறு ஹெட்செட்டில் இல்லாமலே போகலாம்.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 இந்தச் சிக்கலை ஒழித்துவிட்டது. கன்சோலிலேயே மைக் இருக்கிறது. கன்ட்ரோலரில் சி என்ற பொத்தானை அழுத்தினால் கேம்சாட் திறக்கும், 12 பேர் வரை ஒன்றாகப் பேசலாம். அதற்கென்று தனியாக வரும் புரோ கன்ட்ரோலரிலும் ஹெட்போன் ஜாக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கன்சோலிலும் உள்ளேயே மைக் உண்டு, ஜாக்கில் ஹெட்செட் மைக்கும் எடுக்கும். பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்ற சோனியின் கையடக்கக் கருவியில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருக்கிறது. ஆனால் 2023இல் அது வந்தபோது ப்ளூடூத் ஹெட்செட்டுக்கு அதில் இடமில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் லிங்க் முறையில் இயங்குபவை மட்டும்தான் ஒயர் இல்லாமல் சேரும்.

உள்ளேயே மைக் இருக்கிறதே, ஹெட்செட் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கன்சோலின் மைக் உங்கள் விரல்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வாயிலிருந்து அரை அடிக்கும் மேல் தள்ளி இருக்கிறது. பொத்தான் அழுத்தும் 'டிக் டிக்' சத்தம், கட்டைவிரலால் நகர்த்தும் குச்சியைத் திருப்பும்போது வரும் உரசல், விசிறி உள்ள கன்சோலாக இருந்தால் அதன் இரைச்சல், ஸ்பீக்கரில் ஓடும் விளையாட்டின் சத்தம், எல்லாம் உங்கள் குரலுக்கு முன்னால் போய்ச் சேரும். சத்தத்தை வடிகட்டும் மென்பொருள் இப்போது நன்றாகவே தேறிவிட்டது. ஆனாலும் வடிகட்டும்போது குரலின் ஓரங்களும் சேர்ந்து தேய்கின்றன. வாய்க்கு அருகில் ஒரு மைக் இருந்தால் வடிகட்ட வேண்டியதே குறைந்துபோகும்.

பழைய கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு அதிகாரபூர்வமான ஹெட்செட்டே இருந்தது. போக்கிமான் டயமண்ட், பேர்ல் விளையாட்டுகளில் நண்பரோடு பேசுவதற்காகப் பலர் அதை வாங்கினார்கள். ஆனால் டிஎஸ் இணைய விளையாட்டுக்குப் பயன்பட்ட வைஃபை கனெக்ஷன் சேவையை நிண்டெண்டோ 2014 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. சோனியின் பழைய கையடக்கக் கன்சோலான பிஎஸ்பியில் 2008இல் ஸ்கைப் வந்தது, அதுவும் பிஎஸ்பி-2000 முதல்தான். 2025 மே மாதம் ஸ்கைப்பே மூடப்பட்டுவிட்டது. ஆகவே பழைய பொருள் விற்பனையில் இந்த ஹெட்செட்டுகள் கண்ணில் பட்டால் சேகரிப்புக்காக வாங்கலாம். பேசுவதற்கென்று வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: பிளக்கில் எத்தனை கறுப்பு வளையம்?

ஹெட்செட்டின் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உலோகக் கம்பியின் குறுக்கே மெல்லிய வளையங்கள் தெரியும். பெரும்பாலும் கறுப்பு, சிலவற்றில் வெள்ளை. இரண்டு வளையம் இருந்தால் உலோகம் மூன்று துண்டாகப் பிரிந்திருக்கிறது: இடது காது, வலது காது, தரை இணைப்பு. இதில் மைக்குக்கு இடமே இல்லை. மூன்று வளையம் இருந்தால் நான்கு துண்டு, நான்காவது மைக்குக்கு. கன்சோலில் பேச உங்களுக்கு வேண்டியது மூன்று வளையம் உள்ள பிளக்.

கணினிக்கென்று செய்த சில ஹெட்செட்டுகளில் இரண்டு பிளக்குகள் இருக்கும், பச்சை ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று. அதை அப்படியே கன்சோலில் செருகினால் கேட்கத்தான் முடியும். இரண்டையும் ஒன்றாக்கும் சிறிய அடாப்டர் ஒயர் தேவை. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே பிளக்கை ஹெட்போன், மைக் என்று இரண்டு ஜாக்காகப் பிரித்துத் தரும் ஒயர் வேறு, இரண்டு பேர் சேர்ந்து பாட்டு கேட்பதற்கான ஒயர் வேறு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இங்கேயும் வளையத்தை எண்ணினால் போதும். மூன்று வளையம் இருந்து, இரு ஜாக்குகளின் பக்கத்தில் ஹெட்போன் படமும் மைக் படமும் தனித்தனியாகப் போட்டிருந்தால் சரியான ஒயர்.

நான்கு துண்டிலும் இரண்டு வகை உண்டு. இன்று பரவலாக இருப்பது சிடிஐஏ முறை. அதில் மைக் பிளக்கின் அடிப்பகுதியில் இருக்கும், தரை இணைப்பு அதற்கு முந்தைய துண்டில். பழைய ஓஎம்டிபி முறையில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். பழைய ஹெட்செட்டைப் புதுக் கன்சோலில் செருகும்போது குரல்கள் தூரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டு, மைக்கும் எடுக்கவில்லை என்றால், இதுதான் காரணமாக இருக்கும். ஹெட்செட் கெட்டுப்போகவில்லை. இரண்டையும் மாற்றிக் கொடுக்கும் சின்ன அடாப்டர் போட்டால் சரியாகிவிடும்.

செருகும்போது கடைசியில் ஒரு 'க்ளிக்' உணர்வு வரும்வரை அழுத்துங்கள். கன்சோலுக்கு உறை போட்டிருந்தால் பிளக்கின் தடித்த அடிப்பகுதி உறையில் முட்டி, அரை மில்லிமீட்டர் வெளியிலேயே நின்றுவிடும். அந்த அரை மில்லிமீட்டர் போதும் மைக் தொடர்பு அறுந்துபோக. சத்தம் கேட்கும், பேச்சு போகாது. உறையைக் கழற்றிவிட்டு ஒருமுறை செருகிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: ஒயரா, ப்ளூடூத்தா?

புதியவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒயர்தான். ப்ளூடூத்தின் வசதி எனக்கும் பிடிக்கும். ஆனால் பேச்சு என்று வந்தால் அதில் இரண்டு பெரிய தடைகள் இருக்கின்றன.

ஒன்று, தாமதம். சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் சத்தம் நம் காதுக்கு வந்துசேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ, அதற்கும் மேலோ பிந்தும். படம் பார்க்கும்போது செயலி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். விளையாட்டில் அது நடக்காது. சுட்ட பிறகு சத்தம் வரும்.

இரண்டாவது, மைக்கை இயக்கிய அந்தக் கணமே ஒலித்தரம் விழுவது. பாட்டு கேட்கும்போது ப்ளூடூத் ஒரு முறையில் இயங்குகிறது, இருபக்கமும் பேசும்போது வேறொரு முறைக்கு மாறுகிறது. அந்தப் பேச்சு முறை தொலைபேசிக்காக உருவானது. குரலை நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகத்தான் எடுக்கும். பாட்டுக்கு வழக்கமாக 44,100 அல்லது 48,000. அதோடு இடது வலது என்ற பிரிவும் போய்விடும். எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று காதால் கண்டுபிடிக்க வேண்டிய விளையாட்டில் இது பெரிய இழப்பு. ப்ளூடூத்திலேயே வந்திருக்கும் புதிய எல்இ ஆடியோ முறை இதை மேம்படுத்துகிறது. ஆனால் கன்சோலும் ஹெட்செட்டும் இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

ஸ்விட்ச்சில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2021 செப்டம்பரில் வந்த அப்டேட்டில்தான் ப்ளூடூத் ஒலியே சேர்ந்தது. அதில் ப்ளூடூத் மைக் ஏற்காது. ப்ளூடூத் ஹெட்போன் இணைந்திருக்கும்போது இரண்டு கன்ட்ரோலருக்கு மேல் சேராது. பக்கத்தில் இருப்பவரோடு கன்சோல் விட்டுக் கன்சோல் நேரடியாக இணைந்து ஆடத் தொடங்கினால் ஹெட்போன் துண்டிக்கப்படும்.

ஒயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால் யூஎஸ்பி-சி டாங்கிளோடு (கன்சோலில் செருகும் சின்ன இணைப்புக் கருவி) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டைப் பாருங்கள். தாமதம் கவனத்துக்கே வராது, மைக்கும் தரம் குறையாமல் வேலை செய்யும். ஒரே ஒரு யூஎஸ்பி-சி துளை உள்ள கன்சோலில் டாங்கிள் செருகினால் சார்ஜ் போட முடியாது, அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மாட்டிக்கொண்டு குனியுங்கள்

பெரும்பாலான ஹெட்செட்டுகள் மேசை முன் நிமிர்ந்து உட்கார்ந்து திரையை நேராகப் பார்ப்பவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கையடக்கக் கன்சோலில் நாம் அப்படி உட்காருவதில்லை. கழுத்தைக் குனிந்து மடியைப் பார்க்கிறோம், சாய்ந்து கிடக்கிறோம், ஒருக்களித்துப் படுக்கிறோம். ஆகவே கண்ணாடி முன் நின்று மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. மாட்டிக்கொண்டு கன்சோலைக் கையில் எடுத்து, வழக்கமாக ஆடும் இடத்தில் வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்காருங்கள். தலையை முன்னால் சாய்த்து இடமும் வலமும் லேசாக ஆட்டுங்கள். தலைப்பட்டை நெற்றியை நோக்கி நழுவினால் அடுத்த ஒரு மணி நேரம் முழுக்க அதைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். எடை 250 கிராமுக்கு மேல் போகும் ஹெட்செட்டுகளில் இந்த நழுவல் அதிகம். கழுத்திலும் அந்த எடை தெரியும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். காதுமெத்தை கண்ணாடிக் காம்பை அழுத்துமிடத்தில் வலி உடனே வராது. இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் வரும். அதனால் முதல் ஆட்டத்தை முழுக்க ஆடிவிட்டு முடிவு செய்யுங்கள். காம்பு நுழையும் இடத்தில் மெத்தை பிளந்து நின்றால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்சத்தம் வெளியே கசிந்து மைக்குக்கும் போகும்.

அடுத்தது ஒயரின் நீளம். கணினி ஹெட்செட்டில் 2 மீட்டர் இருப்பது சகஜம். மடியில் வைத்து ஆடுகிறவருக்கு 1.2 மீட்டர் தாராளம். மிச்சம் காலடியில் சுருண்டு கிடக்கும், எழும்போது கால் பட்டால் இழுபடுவது கன்சோலின் ஜாக். ஜாக் தளர்ந்தால் பழுதுபார்ப்பது ஹெட்செட் வாங்குவதைவிடத் தொந்தரவு. நீளமான ஒயரை ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுங்கள். இறுக்கமாக மடிக்காமல் வளையமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். ஜாக் மேல்பக்கம் இருக்கும் கன்சோலில் எல் வடிவப் பிளக்கைவிட நேரான பிளக் வசதி. எல் வடிவம் தோள் பொத்தானின் பக்கம் திரும்பிக்கொண்டு விரலில் இடிக்கும்.

ஐந்தாம் படி: மைக்கை எங்கே நிறுத்துவது?

பலர் மைக்கை வாய்க்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அப்படி வைத்தால் ஒவ்வொரு 'ப'வும் எதிர்முனையில் காற்றுக் குண்டாக வெடிக்கும். மூச்சு விடுவதும் கேட்கும். மைக்கின் முனை உதட்டின் ஓரத்துக்குப் பக்கத்தில், இரண்டு விரல் இடைவெளியில் இருக்கட்டும். அங்கே குரல் வரும், காற்று வராது. முனையில் ஸ்பாஞ்ச் உறை கொடுத்திருந்தால் கழற்றி வைக்காதீர்கள். அது பார்க்க அழகாக இல்லாமல் இருக்கலாம், வேலை பெரியது.

மைக்குக் குச்சி வளையும் வகையா, அப்படி வளைத்தால் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். வளைத்துவிட்டுக் கையை எடுத்ததும் மெல்லத் திரும்பிப் போகும் குச்சி ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்களைச் சோதிக்கும். சில மைக்குகள் ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும், அதில் வாயை நோக்கித் திருப்ப வேண்டிய பக்கத்தில் ஒரு புள்ளியோ துளையோ இருக்கும். அது வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் உங்கள் குரலைவிட அறையின் சத்தம் நன்றாகப் போகும்.

ஒயரிலேயே மைக் தொங்கும் இயர்போன் வகையும் பேசப் போதுமானதுதான், கைபேசியோடு வந்தது வீட்டில் கிடந்தால் அதை முதலில் போட்டுப் பாருங்கள். ஆனால் குனிந்து ஆடும்போது அந்த மைக் சட்டைக் காலரில் உரசும். அந்த உரசல் எதிர்முனையில் மணல்தாளைத் தேய்ப்பது மாதிரி கேட்கும். ஒயரைக் காலரில் குத்தி நிறுத்த ஒரு கிளிப் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஆறாம் படி: நண்பரை அழைத்துச் சோதியுங்கள்

மற்றப் படிகளை அவசரத்தில் விட்டாலும் இதை விடாதீர்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு நண்பரைத் தனியாகச் சாட்டுக்கு அழைத்து, பத்து நிமிடம் கேளுங்கள் என்று சொல்லுங்கள். 'கேக்குதா?' என்று மட்டும் கேட்டால் 'கேக்குது' என்றுதான் பதில் வரும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

அதற்குப் பதிலாக, முதலில் ஒன்றும் பேசாமல் அரை நிமிடம் சும்மா இருங்கள். அந்த நேரத்தில் அவருக்கு என்ன கேட்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். இரைச்சலா, ரீங்காரமா, விசிறிச் சத்தமா, அல்லது சுத்தமான அமைதியா? அப்புறம் பொத்தான்களை ஆட்டத்தில் அழுத்துவது போலவே வேகமாக அழுத்துங்கள். 'டிக் டிக்' அவருக்குப் போகிறதா?

அடுத்தது பேச்சு. 'யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை' என்பதை இரண்டு மூன்று முறை வேகமாகச் சொல்லுங்கள். ச, த, ட மூன்றும் பிரிந்து கேட்க வேண்டும். மங்கிய மைக்கில் இவை ஒன்றோடொன்று குழம்பிப்போகும். பிறகு 'பாப்பா, பப்பாளி, பம்பரம்' என்று சொல்லிக் காற்று வெடிக்கிறதா என்று கேளுங்கள். வெடித்தால் மைக்கைக் கொஞ்சம் கன்னத்தின் பக்கம் நகர்த்துங்கள். ஆட்டத்தில் நீங்கள் நிஜமாகவே சொல்லப்போகும் சொற்களையும் சோதியுங்கள்: 'இடதுபக்கம் ரெண்டு பேர்', 'மேல இருக்கான்', 'ஏழு', 'எட்டு'. ஏழும் எட்டும் குழம்பினால் ஆட்டம் போய்விடும்.

கடைசியாக, கத்துங்கள். வெட்கப்பட வேண்டாம். ஆட்டத்தின் உச்சத்தில் நீங்கள் கத்தத்தான் போகிறீர்கள். கத்தும்போது குரல் கரகரவென்று உடைந்தால் மைக்கின் உணர்திறன் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். கன்சோலிலோ விளையாட்டின் செட்டிங்ஸிலோ மைக் அளவைக் குறைத்துவிட்டு மறுபடியும் கத்திப் பாருங்கள். சாதாரணப் பேச்சு தெளிவாகவும் கத்தல் உடையாமலும் இருக்கும் இடம்தான் சரியான அளவு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை.

பேசுபவர்கள் இருவரும் இடம் மாற்றிக்கொண்டு அவருடைய மைக்கையும் நீங்கள் சோதித்துக் கொடுங்கள். பல வருடமாக ஆடுகிறவருக்கும் தன் குரல் எப்படிப் போகிறது என்று தெரிந்திருக்காது. யாராவது பொறுமையாகச் சொன்னால் சந்தோஷப்படுவார்.

சோதனையில் கோளாறு தெரிந்தால்

நண்பருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கிறது என்றால் கோளாறு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இதில் புதியவர்கள் பெரும்பாலும் குழம்பிப்போகிறார்கள். எதிரொலி கேட்பவர் தன் ஹெட்செட்டைத்தான் சந்தேகப்படுவார். உண்மையில் அவர் குரல் உங்கள் காதுப்பகுதியிலிருந்து கசிந்து உங்கள் மைக்குக்குள் போய்த் திரும்புகிறது. ஒலி அளவைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் போகவில்லையா? ஹெட்செட்டைக் கழற்றி, இரண்டு காதுமெத்தைகளையும் தலையணையில் அழுத்திவிட்டு நண்பரைப் பேசச் சொல்லுங்கள். எதிரொலி நின்றால் காற்று வழிக் கசிவு, மெத்தை காதில் சரியாகப் படியவில்லை. நிற்கவில்லை என்றால் கசிவு ஒயருக்குள்ளேயே நடக்கிறது. ஒலிக்கும் மைக்குக்கும் தரை இணைப்பு ஒன்றுதான் என்பதால், மெலிந்த ஒயரிலும் மலிவான ஸ்பிளிட்டரிலும் (ஒரே பிளக்கை இரண்டு ஜாக்காகப் பிரிக்கும் ஒயர்) ஒன்றின் மின்னோட்டம் மற்றதில் கலக்கும். ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு நேராகச் செருகிப் பாருங்கள். நேராகச் செருகியும் போகாவிட்டால் அந்த ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் கேட்டால் காரணம் சார்ஜர். அதைப் பிடுங்கிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால், ஆடும்போது பேட்டரியில் ஆடுங்கள், இல்லையென்றால் கன்சோலோடு வந்த சார்ஜரைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் பேச்சின் முதல் எழுத்துகள் மட்டும் காணாமல் போனால் மைக்கில் குறையில்லை. குரல் வந்தால் மட்டும் மைக்கைத் திறக்கும் அமைப்பு தாமதமாகத் திறக்கிறது. எவ்வளவு சத்தத்துக்குத் திறக்க வேண்டும் என்ற அதன் அளவைக் குறைத்து வையுங்கள். பொத்தானை அழுத்திப் பேசும் வசதி இருந்தாலும், கையடக்கக் கன்சோலில் அதற்கென்று ஒரு விரலை ஒதுக்குவது கஷ்டம். ஒயரில் மியூட் சுவிட்ச் இருக்கும் ஹெட்செட்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். கண்ணால் பார்க்காமல் தொட்டே 'இப்போது மியூட்டில் இருக்கிறது' என்று தெரிய வேண்டும். நகர்த்தும் சுவிட்சில் அது தெரியும். அழுத்தும் பொத்தானில் தெரியாது.

விளையாட்டுச் சத்தமும் நண்பர் குரலும்

இரண்டும் ஒரே அளவில் இருந்தால் வெடிச்சத்தம் வரும்போதெல்லாம் பேச்சு அமுங்கிப்போகும். உடனே நாம் மொத்த வால்யூமைக் கூட்டுவோம், வெடிச்சத்தம் இன்னும் கூடும். அப்படிச் செய்யாமல் விளையாட்டின் செட்டிங்ஸில் இசையைப் பாதியாகக் குறையுங்கள். அடி விழும் சத்தத்தையும் காலடி ஓசையையும் அப்படியே விட்டு, பேச்சை முழுசாக வையுங்கள். இசையைக் குறைத்தாலே பேச்சு தெளிவாகிவிடும், மொத்த வால்யூமைத் தொடத் தேவையிருக்காது.

உங்கள் குரலே உங்களுக்குக் காதில் லேசாகக் கேட்கும் வசதி சில ஹெட்செட்டுகளில் உண்டு. காதை முழுக்க மூடும் ஹெட்செட் வாங்கியிருந்தால் அதைக் கட்டாயம் இயக்குங்கள். தன் குரல் கேட்காதவர் தன்னை அறியாமல் கத்துவார். பக்கத்து அறையில் தூங்குகிறவருக்குத்தான் அது முதலில் தெரியும். அந்த வசதி இல்லையென்றால் மைக் இல்லாத பக்கத்துக் காதுமெத்தையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75 டெசிபல். அளவு 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். வீட்டில் டெசிபல் அளக்க முடியாவிட்டாலும், ஹெட்செட் போட்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகக் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடி முடித்த பிறகு காதில் 'ஙொய்' என்று ஓசை கேட்டுக்கொண்டே இருந்தால் அது அதிகம் என்று உடம்பே சொல்கிறது.

குழந்தைக்கு வாங்குகிறவர்கள்

ஹெட்செட்டின் அளவு முக்கியம். பெரியவர்களின் தலைப்பட்டையை முழுக்கச் சுருக்கினாலும் சின்னத் தலையில் மெத்தை காதுக்குக் கீழே இறங்கிவிடும். ஒலி உச்சத்தை 85 டெசிபலில் நிறுத்தும் ஹெட்போன்கள் கிடைக்கின்றன, ஆனால் அவற்றில் மைக் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். கன்சோலின் பெற்றோர் கட்டுப்பாட்டில் யார் யாரோடு பேசலாம் என்பதை ஹெட்செட் கொடுப்பதற்கு முன்பே அமைத்துவிடுங்கள். ஸ்விட்ச் 2இல் 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் கேம்சாட்டில் பேசப் பெற்றோரின் அனுமதி வேண்டும், கைபேசிச் செயலியில் அதைக் கொடுக்கலாம். முதல் சில ஆட்டங்களில் ஹெட்செட் போடாமல் ஸ்பீக்கரில் பேச விட்டால், எதிர்முனையில் எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா?

பில்லையும் பெட்டியையும் ஒரு வாரம் பத்திரமாக வையுங்கள். மெத்தையின் இறுக்கம் சில நாளில் தளரும், அதனால் முதல் நாள் கொஞ்சம் அழுத்தினால் பொறுத்துப் பார்க்கலாம். ஒலியில் பேஸ் குறைவு என்றால் பழகிவிடும். ஆனால் மூன்று விஷயங்களில் காலம் உதவாது: பிளக்கைத் தொட்டால் கரகரப்பது, மைக்குக் குச்சி நிற்காமல் சரிவது, எல்லாம் சரிபார்த்த பின்னும் நண்பர் 'என்ன சொன்னே?' என்று திரும்பத் திரும்பக் கேட்பது. இதில் ஒன்று இருந்தாலும் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

வைத்துக்கொள்வதென்று முடிவானால், ஆடி முடித்ததும் பிளக்கை ஒயரைப் பிடித்து இழுக்காமல் அதன் அடிப்பகுதியைப் பிடித்துக் கழற்றுங்கள். கன்சோலைப் பையில் வைக்கும்போது ஹெட்செட் செருகியபடியே இருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை மைக்கின் ஸ்பாஞ்சைக் கழற்றித் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மைக் மங்கிவிடும். பெரிய அப்டேட் எதுவும் வந்தால் அடுத்த ஆட்டத்துக்கு முன் அதே நண்பரைக் கூப்பிட்டு 'தாத்தா தைத்த சட்டை'யை ஒருமுறை சொல்லிக் காட்டிவிடுங்கள். மைக் அளவு சில சமயம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.